அரசாங்கப் புகையிலை

உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். தள்ளாத இந்த வயதில் நான் சிகரெட்டை விடப் பார்க்கிறேன். மலாக்காவில் எங்கள் காஜா பெராங் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பெண் போன வாரம் ஓர் அட்டை சூயிங்கத்தை நீட்டினாள். “சும்மா மென்னுக்கிட்டே இருக்கக் கூடாது அங்கிள். கொஞ்சம் மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்குங்க. கவர்மெண்டு ஃப்ரீயா கொடுக்குது லா.” அதில் இருப்பதும் புகையிலைச் சத்துதானாம். வீட்டுக்கு வந்து ஒன்றை வாயில் போட்டேன். நாக்கில் சுர்ரென்று காரம். கன்னத்தில் ஒதுக்கியதும் என் பழைய அதிகாரி பிள்ளையின் மனைவி ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அந்த அம்மாவும் வெற்றிலையை இப்படித்தான் ஒதுக்குவார்.

அரசாங்கம் எனக்குப் புகையிலை தருவது இது முதல் தடவை அல்ல. மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வாங்கிய புதிது. ரப்பரையே நம்பியிருந்தால் ஒரு நாள் நடுத்தெருவில் நிற்போம், வேறு பயிர் தேடுங்கள் என்று மேலே யாரோ சொல்லியிருக்கிறார்கள். குருபோங் பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் புகையிலைச் சோதனைக்குப் பணம் ஒதுக்கினார்கள். நான் அங்கே உதவியாளன். உத்தியோகம் பெரிய உத்தியோகம்தான்: செடியில் புழு பொறுக்குவது, இலையை அளப்பது, வெயிலில் சைக்கிள் மிதிப்பது. பொறுப்பதிகாரி பிள்ளை எங்கள் தெருக்காரர், மலாக்கா செட்டி. பெயரில் தமிழ் இருக்கும், நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மட்டும் அவர்கள் வீட்டு மலாய்தான். எங்களுக்குள் தமிழுக்கு நான், மலாய்க்கு அவர் என்று வண்டி ஓடியது.

இலையைப் பதப்படுத்தும் கொட்டகைக்குத் தீ போடுகிறவர் மாணிக்கம் அண்ணன். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய் என்று புது முதலாளியின் ஆள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தான். அண்ணனுக்கு மனைவியும் பெண் பிள்ளைகளும். சோதனை தேறி அடுத்த வருடமும் பணம் வந்தால் அவரை நிரந்தரமாக்கி, கொட்டகைக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ் கட்டித் தருவதாகப் பிள்ளை சொல்லியிருந்தார். வீடு வருவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றி, தினமும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

சிகரெட்டுப் புகையிலைக்குச் சூடு மட்டும்தான் வேண்டும். தீ கொட்டகைக்கு வெளியே எரியும். இரும்புக் குழாய் சூட்டை உள்ளே சுற்றிக் கொண்டுவந்து, புகையைக் கூரைக்கு மேலே தள்ளிவிடும். “அசாப் ஜாங்ஙான் மாசோக்,” என்று பிள்ளை தினமும் சொல்வார். புகை உள்ளே போகக் கூடாது. அண்ணன் தலையாட்டுவார். ஆனால் அவர் ஆயுசெல்லாம் வேலை பார்த்தது ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற கொட்டகையில். வெளிறிய மஞ்சளில் தொங்கிய இலைகள் அவர் கண்ணுக்கு வேகாத சோறாகத் தெரிந்திருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள், பணம் தொடருமா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள் என்றதும், யாரிடமும் மூச்சு விடாமல் குழாயின் பூட்டுவாயைத் தளர்த்திப் புகையை உள்ளே விட்டு, ஈர ரப்பர்க் கட்டையைத் தீயில் சொருகிவிட்டார். முதல் தரம் ஷீட்டுக்குத் தோட்டத்தில் செய்கிற அதே பக்குவம்.

பெரியவர்கள் வந்தார்கள். கதவைத் திறந்தால் இலைகளெல்லாம் தவிட்டு நிறத்தில் மினுமினுக்கின்றன. வந்தவர்களில் மூத்தவர் ஓர் இலையைக் கசக்கி, தாளில் சுருட்டி, பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பிள்ளை இலையை மூக்கருகே கொண்டுபோய், “பாவ் கெத்தா,” என்று முனகினார். ரப்பர் வாடை. சலவைச் சட்டையில் நின்ற அண்ணன் மட்டும் சிரித்த முகமாக இருந்தார். தோட்டத்தில் அந்த வாடைக்குப் பாராட்டுத்தான் கிடைக்கும். அப்புறம் நான் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். “பொகை இல்லாம எந்தச் சரக்குக்குத் தம்பி நெறம் வந்திருக்கு?” என்றார்.

அடுத்த வருடம் பணம் கிழக்குக் கரைக்குப் போய்விட்டது. அங்கே மணல் பூமி, புகையிலைக்குத் தோது. அண்ணன் சும்மா இருந்திருந்தாலும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் விளங்கியிருக்கும்.

எரிக்கச் சொன்ன இலையில் பிள்ளை ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி கிள்ளி வெற்றிலையோடு போட்டுப் பார்த்தார். வெற்றிலைக்கு அந்தப் புகை வாடைதான் சுவையாம். வாரம் திரும்பவில்லை, தெருவில் வெற்றிலை போடுகிற அத்தனை பெண்களும் அந்த வீட்டு வாசலில். பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் உருப்படியாகப் பலன் கண்டவர்கள் அவர்கள்தான்.

அண்ணன் விடைபெற வந்தார். ஜொகூர்ப் பக்கம் ஏதோ தோட்டத்துக்குப் போவதாகச் சொன்னார். பிள்ளையின் மனைவி வெற்றிலைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். அவர் மடித்துப் போட்டு, மென்று, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நம்ம சரக்கா?”

தலையாட்டினேன்.

“நல்லாத்தானே வந்திருக்கு. அப்பறம் ஏந்தம்பி மூடுனாங்க?”

என்ன சொல்கிறார் என்று பிள்ளை மலாயில் என்னைக் கேட்டார். இலை நன்றாக இருக்கிறதாம் என்று பாதியை மட்டும் சொன்னேன்.

அந்தக் கொட்டகையில் கொஞ்ச காலம் யாரோ கோழி வளர்த்தார்கள். இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையின் கார்கள் நிற்கின்றன. முருங்கை எப்போது போனது என்று தெரியவில்லை. கிழக்குக் கரையிலும் புகையிலையைக் கைவிட்டு வேறு பயிர் போடச் சொல்லி அரசாங்கமே பணம் கொடுத்ததாம். பிள்ளை போய்விட்டார், அவர் மனைவியும் போய்விட்டார். அந்த மாதிரி வெற்றிலைப் பெட்டி ஒன்றைப் பண்டார் ஹிலிர் பழம்பொருள் கடையில் கண்ணாடிக்குள் பார்த்தேன். சூயிங்கத்தில் காரம் தீர்ந்துவிட்டது. துப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜொகூரில் மாணிக்கம் அண்ணனுக்கு ஒரு வீடு கிடைத்ததா என்று நான் கடைசிவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.