மெயின் சுவிச் இருந்த அறை

மகள் நபீலாவின் கலியாணத்தோடு மீராமுகைதீன் தன் வீட்டுக்குள் போவதை நிறுத்திக்கொண்டார். கல்முனைக்குடியில் இதை யாரும் விசேஷமாகப் பேசவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார், பெற்றவர்கள் வீட்டைச் சுற்றியுள்ள அதே வளவின் ஒரு மூலைக்கு ஒதுங்க வேண்டும். அவர் ஒதுங்குவதற்கென்று கட்டிவைத்த ஓலைவீட்டை எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கொண்டுபோய்விட்டது. பேசி முடித்த கலியாணத்தைத் தள்ளிவைக்க மனமில்லாமல், அவர் மனைவியோடு ஒரு வண்டிக்குள் குடிபோனார்.

அது ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக ஓட்டிவரப்பட்ட பழைய வண்டி. பொத்துவில் பக்கம் அலை விளையாட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், என்ஜின் செத்ததும் அதை ஒரு கராஜின் பின்னால் விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். உள்ளே ஒரு கட்டிலும் மடக்கு மேசையும் கைகழுவும் தொட்டியும் இருந்தன. தொட்டிக்கு மேலே தண்ணீர் சுடவைக்கும் சின்னத் தாங்கி ஒன்று. வாழ்நாள் முழுவதும் லொறி ஓட்டிய மீராமுகைதீன் அதை லொறியில் கட்டி இழுத்துவந்து கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில் நிறுத்தினார். அடுத்த வளவு ஹமீட் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, மீராமுகைதீன் காக்கா வீட்டைக் கொடுத்துவிட்டுப் பயணத்துக்கு நிற்கிறார், வண்டிக்குத்தான் போக விருப்பமில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பகிடியை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று. அந்த வீடு மனைவி ஹாஜறாவின் சீதனம். அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. அதைத் தன் கையாலேயே மகளுக்குக் கொடுத்துவிட்டு, விரல் மூட்டுகளில் வாதத்தோடு, இவள் இந்தத் தகரப் பெட்டிக்குள் வந்து குனிந்து நடக்கிறாள். ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்கும். குறைந்தபட்சம் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழு எடுக்க அவளுக்குச் சுடுதண்ணீராவது கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டினார். அந்த முடிவில் பிழையில்லை. பிழை அதை நிறைவேற்றிய விதத்தில் இருந்தது.

மருமகன் பளீல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுச் சமையல் குசினியின் பின்சுவரில் ஓடிய மின்கம்பியிலிருந்து இரண்டு வயரை ஒட்டி எடுத்தார். கூரை வழியே, முருங்கை மரம் வழியே, வண்டிவரை இழுத்தார். இடையில் சுவிச் வைக்கவில்லை. வைத்தால் அது என்ன சுவிச் என்று யாராவது கேட்பார்கள். தாங்கியின் ஹீற்றரிலிருந்து மூன்று வயர் வந்தது. பச்சை நிறத்தில் இருந்த மூன்றாவதை எங்கே கொடுப்பது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கினார். லொறிப் பற்றரி வேலையில் எல்லாம் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வண்டி நான்கு ரப்பர் டயரில் நின்றது. ஹீற்றரில் ஏதாவது கோளாறு வந்தால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப்போக வழியே இல்லை. வண்டியின் இரும்பு முழுவதும் பரவி, மண்ணில் கால் வைத்துக்கொண்டு அதைத் தொடப்போகிறவருக்காகக் காத்திருக்கும்.

கோளாறு வந்தது. அந்த வளவுக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். அது தாங்கிக்குள் இருந்த சுடுகம்பியை ஒரு மாரிமழைக் காலத்துக்குள் அரித்துவிட்டது. தண்ணீர் வழக்கம்போலச் சுட்டது. வண்டிக்குள் இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கதவைப் பிடித்தபடி மண்ணில் இறங்கும்போதுதான் ஹாஜறாவுக்குக் கை முழங்கைவரை சுள்ளென்று இழுத்தது.

மீராமுகைதீன் அதை வாதம் என்றார். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியிடமிருந்து எண்ணெய் வாங்கிவந்தார். ஹாஜறா எண்ணெய் பூசினாள், மறுபடியும் இழுத்தது. இன்னொரு எண்ணெய் வந்தது. தனக்கு இழுக்கவில்லையே என்பதுதான் அவருடைய ஆதாரம். தனக்கு வலிக்காததை இல்லை என்று சொல்வதற்குக் கல்வியறிவு தடையுமில்லை, துணையுமில்லை.

கடைசியில் ஹாஜறாதான் வயர்மன் ஷரிபுதீனைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் டெஸ்டரைக் கதவுப்பிடியில் வைத்தார். அதன் சின்ன விளக்கு எரிந்தது. படியில் வைத்தார், எரிந்தது. கண்ணாடிச் சட்டத்தில் வைத்தார், அங்கேயும் எரிந்தது.

"காக்கா, இது வாதமில்ல. கரண்ட்."

"எனக்கு ஒண்டும் செய்யல்லையே."

"நீங்க செருப்போட ஏறி இறங்குறீங்க. ஹாஜறா ராத்தா வுழு எடுத்துப்போட்டு ஈரக்காலோட மண்ணில மிதிக்கிறா."

ஷரிபுதீன் வயரைப் பார்த்தபடியே கூரைவரை போய்த் திரும்பிவந்தார். அவர் சொன்னது எளிமையானது. சுடுகம்பியை மாற்ற வேண்டும். மெயின் சுவிச்சிலிருந்து தனி லைன் ஒன்று, தனிப் பியூசோடு இழுக்க வேண்டும். வீட்டுக்கு எர்த் போட்டிருக்கிற கம்பியோடு இந்தப் பச்சை வயரைச் சேர்க்க வேண்டும். வண்டியடியில் சும்மா ஒரு கம்பியைக் குத்தினால் இந்தக் காய்ந்த மணலில் பியூஸ் போகாது. சரியாகச் சேர்த்தால், கோளாறு வந்த அந்த நிமிடமே பியூஸ் எரிந்து எல்லாம் நின்றுவிடும். அரை நாள் வேலை.

"மெயின் சுவிச் மருமகன்ட அறைக்குள்ள இரிக்கி" என்றார் மீராமுகைதீன்.

"இரிக்கட்டும். அறைக்குக் கதவு இரிக்கிதானே."

"விளங்காமக் கதைக்காத தம்பி. வீட்டக் குடுத்துப்போட்டு, அதுக்குள்ள இருந்து களவா வயர் இழுத்தன் எண்டு அந்த மனிசன்ட முகத்தப் பாத்துச் சொல்லச் சொல்றியா?"

"ராத்தா கரண்ட் அடிச்சு மௌத்தாப் போனா, அப்ப அவர்ர முகத்தப் பாத்து என்னத்தச் சொல்லுவீங்க?"

நானே மருமகனிடம் சொல்லட்டுமா என்று ஷரிபுதீன் கேட்டுப் பார்த்தார். அல்லாவுக்காக வாயைத் திறக்காதே என்று மீராமுகைதீன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நபீலாவிடமும் சொல்லக் கூடாது, அவள் புருசனிடம் சொல்லிவிடுவாள். ஷரிபுதீன் கோபத்தோடு கூரையிலேறி வயரைக் கழற்றிச் சுருட்டி முருங்கையில் தொங்கவிட்டார். இறங்கியதும், திறந்திருந்த வண்டிக் கதவைப் பார்த்து ஹாஜறாவுக்குக் கேட்கும்படி சொன்னார்: யாருக்காவது பிடித்துவிட்டால் அவரைத் தொடக் கூடாது, முதலில் மெயினை நிற்பாட்ட வேண்டும்.

மழை தொடங்கியது. ஹாஜறாவின் விரல்கள் மடங்கவில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன் என்று அவள் சொன்னாள். சுடுபானையைத் தூக்க அவளால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். தான் தூக்கிக் கொடுக்கலாம் என்பது மீராமுகைதீனுக்குத் தோன்றவில்லை. வயரைத் திரும்பவும் மாட்டினார். மனைவிக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். படிக்குக் கீழே லொறி டயரொன்றை வெட்டிப் போட்டார். இழுப்பு நின்றது. ஆபத்தை அகற்றுவதை விட அதைச் சுற்றி நடக்கப் பழகுவது மனிதருக்கு வசதி. அந்த வசதியை அவர் தீர்வு என்று எடுத்துக்கொண்டார்.

டயர்த்துண்டைப் பற்றி நபீலாவுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது அவள் வயிற்றில் ஏழு மாதம். மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், உம்மாவுக்கென்று பொரித்த பலகாரத்தைத் தட்டில் ஏந்தி, வெறுங்காலோடு வளவைக் கடந்து வந்தாள். டயர்த்துண்டில் தண்ணீர் தேங்கி நின்றதால் அதற்குப் பக்கத்தில், சேற்றில் மிதித்து, கதவுப்பிடியைப் பிடித்தாள்.

கை விடவில்லை. தட்டு விழுந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

கிணற்றடியில் நின்ற மீராமுகைதீன் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மகளை இழுக்கக் கைநீட்டினார். வண்டிக்குள்ளிருந்து ஹாஜறா கத்தினாள்.

"அவளத் தொடாதீங்க! மெயினப் போய் நிப்பாட்டுங்க!"

அவர் ஓடினார். விறாந்தையில் ஏறி, முன்கூடத்தைக் கடந்து, கலியாணத்துக்குப் பிறகு ஒருநாளும் தொடாத மருமகனின் அறைத் திரையை விலக்கினார். பளீல் இடுப்பில் சாரனோடு கட்டிலில் சாய்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். மாமனார் சேற்றுக்காலோடு கட்டில்மேலேயே ஏறி, சுவரிலிருந்த மெயின் சுவிச்சைக் கீழே இழுத்தார். மின்விசிறி மெல்ல நின்றது. வளவில் ஏதோ தொப்பென்று விழுந்தது இருவருக்கும் கேட்டது.

நபீலா பிழைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் தோல் கருகியிருந்தது. மருத்துவமாது வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உயிர்த்துடிப்பு இருக்கிறது என்றாள். பின்னேரம்தான் குழந்தை அசைந்தது. அசைவு தெரிந்த பிறகு, பளீல் மாமனாரைத் தேடி வண்டியடிக்கு வந்தார்.

"இந்த வயர நீங்க இழுத்த அண்டைக்கே நான் கண்டனான் மாமா" என்றார். "கேட்டா உங்களுக்கு வெக்கமாப் போயிரும் எண்டு கேக்கல்ல."

ஒருவர் சொல்ல வெட்கப்பட்டார். மற்றவர் கேட்டு வெட்கப்படுத்த விரும்பவில்லை. இரண்டும் நல்ல பழக்கம் என்றுதான் ஊர் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கதவுப்பிடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஷரிபுதீன் வந்தார். பளீல் அறைக் கட்டிலைத் தானே நகர்த்தி இடம்செய்து கொடுத்தார். தனி லைனும் பியூசும் எர்த்தும் வந்தன, சுடுகம்பி புதிதாக மாறியது. மதியத்துக்கு முன் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு நேரமும் மீராமுகைதீன் சன்னலுக்கு வெளியே நின்றே சாமான்களை எடுத்துக் கொடுத்தார். உள்ளே வாங்க மாமா என்று பளீல் கூப்பிட்டார். அவர் கேட்காதவர் போல நின்றார். ஒருமுறை நுழைந்துவிட்ட அறைக்குள் இரண்டாம் முறை நுழைய முடியாத அந்தப் பிடிவாதத்தை மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டெஸ்டர் கதவுப்பிடியில் எரியவில்லை. படியிலும் எரியவில்லை.

ஆனால் ஹாஜறா அந்தச் சுடுதண்ணீர்க் குழாயை அதன் பிறகு திறக்கவில்லை. வேலியோரம் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் ஒரே பதில்தான்: சுகமான தண்ணிதான், நீங்களே குளிங்க.

நபீலா ஆண்குழந்தை பெற்றாள். அந்த மாரி முழுவதும் சுபஹுக்கு முன் மீராமுகைதீன் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமண்ணில் இறங்கி நின்றார். இனி ஒன்றும் செய்யாது என்று மனைவி பார்க்கும்படி கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த ஹாஜறா அந்தப் பக்கம் திரும்புவதில்லை. தண்ணீர் கொதித்ததும், பானையைத் தூக்கித் தரச்சொல்லி அவரைக் கூப்பிடுவாள். அவர் பிடியை விட்டுவிட்டுப் போய்த் தூக்கிக் கொடுப்பார்.