கைப்பையில் மறைத்த ஸ்கேன்

கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் போனதும், எலும்பில் திருகு வைத்துப் பல் கட்ட ஆசைப்பட்டேன். பெரிய மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்த டாக்டர், தாடை எலும்பின் அடர்த்தி மிகக் குறைவு, திருகு நிற்காது என்றார். எனக்கு நம்ப மனமில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்தது பல்லுக்கென்றே உள்ள சிறிய ஸ்கேன் மெஷின். அதில் அடர்த்தி எண் முதல் ஸ்கேனைவிட இரண்டு மடங்காக வந்தது.

"முன்னாடி வேற ஸ்கேன் எடுத்தீங்களா அக்கா?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

பழைய ரிப்போர்ட் என் கைப்பையில்தான் இருந்தது. "இல்ல லா டாக்டர்" என்றேன்.

அவர் திருகு வைத்துப் பல் கட்டிய மறுமாதம், பரோட்டா மாதிரி மெத்தென்ற ரொட்டி சானாயைக் கடித்தபோது திருகோடு கழன்று வந்தது. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் வேற வேற மெஷின் அக்கா. எங்க மெஷின் நம்பர சி.டி. நம்பரோட ஒப்பிடவே கூடாது; எலும்பு அடர்த்திக்கு சி.டி. சொல்றதுதான் சரி. அந்த ரிப்போர்ட்ட காட்டியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

இருந்த கொஞ்ச எலும்பும் கரைந்துவிட்டது.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும் அந்த முதல் ரிப்போர்ட்டைத்தான் முதலில் நீட்டுகிறேன். படித்துவிட்டு, திருகு முடியாதென்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மடங்கு காட்டிய இரண்டாவது ரிப்போர்ட்டை இதுவரை யாரும் கேட்கவில்லை.