'டேக்' எண்ட ஒரு சொல்லை வச்சு ஓட்டின ஆஸ்பத்திரி

கச்சான் காத்து யன்னலால அடிக்கேக்க ஸ்பிரிற் மணமும் கருவாட்டு மணமும் ஒண்டாக் கலந்து வரும்... நெடுந்தீவில நான் வேலை செய்த சின்ன ஆஸ்பத்திரியை நினைச்சால் முதல்ல மூக்குக்கு வாறது அதுதான்.

எழுபதுகளின்ர தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயசு. அட்டென்டன்ற் வேலை.

புதுசா வந்த டொக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தங்கமான மனுசன். ஆனால் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவில இருந்தது இங்கிலீஷ்... அதுவும் எட்டாம் வகுப்போட நிண்டுபோன என்ர இங்கிலீஷ்!

ஆனால் ஒரே மாசத்தில நான் ஒரு சொல்லைப் பிடிச்சிட்டன். டேக்.

முழுங்கச் சொல்லிக் குளிசையை நீட்டினால் 'டேக் திஸ்'. காய்ச்சல் பாக்க 'டேக் டெம்பரேச்சர்'. பண்டேஜைக் கழட்ட 'டேக் இற் ஓஃப்'. பேரைக் குறிக்க 'டேக் டவுன்'. வீட்ட போய்ப் படுக்கிறதுக்கு 'டேக் ரெஸ்ட்'. முதுகில குழாயை வச்சால் 'டேக் எ டீப் பிரெத்'.
தேத்தண்ணிக்கும் 'டேக் டீ'தான்.

அட, இந்த ஒரு சொல்லை வச்சே வெள்ளைக்காரன் குடும்பம் நடத்தியிருப்பான் போல எண்டு நினைச்சன். ஊரில எனக்கு 'டேக் அக்கா' எண்டு பட்டம் வேற. சரி, வச்சிட்டுப் போகட்டும்...

ஒருநாள் காலமை பத்து மணி இருக்கும். சூசையண்ணையின்ர மனுசி மேரியைக் கொண்டு வந்தினம். சூசையண்ணை கடற்தொழில் செய்யிறவர், சொந்தமா மெசின் வள்ளம் வச்சிருந்தவர். மேரிக்கு இது தலைப்பிள்ளை. விடியப்புறம் தொடங்கின வலி, பிள்ளை குறுக்கால கிடக்குது. டொக்டர் பாத்திட்டு, யாழ்ப்பாணம் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யோணும் எண்டார்.

ஆனால் கடலைப் பாத்தவுடன மனுசன் வெலவெலத்துப் போனார். மலைப்பக்கம் பிறந்தவர், தீவுக்கு ஆக்களை ஏத்துற லோஞ்சில வரேக்கயே கண்ணை மூடிக்கொண்டு வந்தவர். அண்டைக்குக் காத்தால லோஞ்சும் ஓடேல்லை. "நோ, நோ... டுமோரோ" எண்டு தலையை ஆட்டினார். அவர் துண்டு எழுதித் தராமல் ஒருத்தரையும் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தேலாது.

சூசையண்ணை வாசலில நிண்டு கடலைப் பாத்தார்.

"தங்கச்சி, காத்து இப்ப விழுந்திட்டுது. மத்தியானம் திரும்ப எழும்பும். இப்ப வெளிக்கிட்டால் அக்கரையில குறிகட்டுவான் துறைக்குப் போயிடுவன். நாளைக்கெண்டால் இவள் இருக்கமாட்டாள். அவருக்குச் சொல்லும்."

எப்பிடிச் சொல்லுறது? அதுவரைக்கும் டேக் எண்டு அவர் சொல்லுவார், நான் செய்வன். நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

துண்டுப் புத்தகத்தை எடுத்து அவருக்கு முன்னால வச்சன்.

"டொக்டர். விண்ட் டவுன். டூ அவர்ஸ் குட். ஆஃப்டர் பேட்." சூசையண்ணையைக் காட்டி, "ஹி நோஸ் சீ. யூ டேக் பென். நவ். வீ டேக் மேரி. நோ டேக்... மேரி டை."

டொக்டர் என்ர முகத்தைப் பாத்தார். பிறகு கடலைப் பாத்தார்.
பேனையை எடுத்தார்.

நானும் வள்ளத்தில ஏறினனான். மேரியின்ர தலையை மடியில வச்சுக்கொண்டு 'டேக் எ டீப் பிரெத்' எண்டு வழிமுழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தனான். பாவம், அவளுக்கு ஒரு இழவும் விளங்கியிருக்காது!

பின்னேரம் பெரியாஸ்பத்திரியில ஆம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

இண்டைக்கு நான் கனடாவில. டொக்டரிட்டப் போனால் மகளும் வருவாள். நான் வாயைத் திறந்தால் போதும், "அம்மா, நீங்க சும்மா இருங்கோ. உங்கட இங்கிலீஷ் அவைக்கு விளங்காது, நான் சொல்லுறன்" எண்டுவாள். அவளின்ர இங்கிலீஷ் தண்ணி மாதிரி ஓடும். நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பன்.

எனக்குக் கோவமே வாறதில்லை. என்ர இங்கிலீஷை நம்பி ஒரு வள்ளம் கடலுக்குப் போனது எண்டு அவளுக்கு என்ன தெரியும்...