ஐந்து ஊக்குகளும் ஒரு காந்தக் கிணறும்

உத்திரமேரூர் பஸ் நிலையத்திலிருந்து ஏரிப் பக்கம் திரும்பினால் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறது. பலகையில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் விழிப்பார்கள். ‘காந்தக்காரர் கடை’ என்றால் டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் முகவாயாலேயே வழி காட்டுவார்.

காந்தக்காரர் என்பது பஞ்சாட்சரம். வயது ஐம்பத்திரண்டு, வீடு திருப்புலிவனத்தில். சுற்றுப்பட்டு ஊர்களில் போர்வெல் மோட்டார் புகைந்தால் அவரிடம்தான் வரும். ஆனால் அந்தப் பட்டம் மோட்டாரால் வந்ததில்லை. ஒரு டிவி சீரியலால் வந்தது.

சீரியலின் பெயர் ‘மணிக்கிணறு’. மலையடிவாரத்து ஊர், அங்கே ஒரு வீட்டுக் கொல்லையில் பழைய கிணறு. அதன் பக்கம் போனால் கைக்கடிகாரம் நின்றுவிடும். அந்த வீட்டு மருமகள் தண்ணீர் சேந்தக் குனிந்தால் அவள் தாலி தானாக எழும்பிக் கிணற்றை நோக்கி நீளும். எட்டிப் பார்த்த வாத்தியார் மறுநாள் தன் பெயரையே மறந்துபோனார். பேய் என்றார்கள் பார்த்தவர்கள் எல்லாரும். பஞ்சாட்சரத்தின் மனைவி பவளமும் அப்படித்தான் சொன்னாள்.

“பேயும் இல்ல பிசாசும் இல்லமே. கெணத்துக்கு அடியில காந்தப் பாறை கீது” என்றார் அவர். இருபத்தெட்டு வருஷமாகச் செம்புக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறவர். கடிகாரம் ஏன் நின்றது என்பதை வரைந்தே காட்டினார்.

“அப்ப வாத்தியாரு பேரை மறந்தது?”

அங்கே ஒரு கணம் தடுமாறினார். பிறகு விட்டுக்கொடுக்காமல் சொன்னார்: “மூளையில ஓடறதும் கரண்டுதான. பெரிய காந்தத்துகிட்ட தலையைக் கொண்டுபோனா உள்ள பதிஞ்சது அத்தனையும் அழிஞ்சிடும். பழைய பாட்டு கேசட்டு மாதிரி.”

ஒரகடத்தில் தங்கிக் கம்பெனி வேலைக்குப் போகும் மகள் இளமதி, லீவுக்கு வந்திருந்தபோது இதையெல்லாம் போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டாள். ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ‘தங்கம் காந்தத்துல ஒட்டாது பெரியவரே, தாலி எப்படி எழும்பும்?’ என்று குடைந்தவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை மட்டும் அவர் விரலால் மேலே தள்ளிவிட்டார். மற்றபடி டீக்கடையில் அவருக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

ஆடி மாதம் பவளத்துக்குத் தலைவலி ஆரம்பித்தது. முதலில் வெயில் என்றாள், பிறகு கண் என்றாள். ஒருநாள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவள் இடது பக்கம் மங்கலாகத் தெரிகிறது என்று முறத்தோடு உட்கார்ந்துவிட்டாள். காஞ்சிபுரம் டாக்டர் தலைக்கு ஸ்கேன் எழுதினார். தள்ளிப் போடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

செங்கல்பட்டு ஸ்கேன் சென்டருக்கு முதல் தடவை போனபோது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, உள்ளே இருந்த நர்ஸ் வாயைத் திறக்கும்வரை. “இது ரொம்பப் பெரிய காந்தம்மா. தாலி, தோடு எல்லாத்தையும் கழட்டிடுங்க.”

பவளம் அந்த வெள்ளைக் குழாயைப் பார்த்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்து, பஸ் நிறுத்தம்வரை திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிய பஞ்சாட்சரத்திடம் ஒரே வாக்கியம்தான்: “தாலியையும் இழுத்துக்கும், தலையில கீறதையும் அழிச்சிடும். நீதான சொன்ன?”

மூன்று நாள் கெஞ்சினார். மகள் போனில் அழுதாள். பவளம் அசையவில்லை. வியாழக்கிழமைக்கு மறுபடி நேரம் வாங்கியிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பஞ்சாட்சரம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தார். கையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். தரையில் சிதறும் நட்டு, போல்ட் பொறுக்க அதைத்தான் வைத்திருப்பார்.

“இங்க வாமே. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. கண்ணாலயே பாரு.”

அவள் நம்பாமல்தான் கிட்டே வந்தாள். அவர் காந்தத்தை அவள் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். மஞ்சள் கயிறு சரேலென்று எழும்பியது. டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“ஐயோ!” பவளம் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். “இத்தினியூண்டு காந்தமே இழுக்குது. அம்மாம் பெருசு இன்னா பண்ணும்!”

பஞ்சாட்சரத்துக்கும் ஒரு விநாடி உயிர் நின்றுவிட்டது. பிறகு குனிந்து பார்த்தார். ஒட்டியிருந்தது தாலி இல்லை. தாலிக்குப் பக்கத்தில் கயிற்றில் கோத்திருந்த ஊக்குகள். முந்தானைக்கு, ரவிக்கைக்கு, யாராவது அவசரத்துக்குக் கேட்டால் கொடுக்க என்று, எல்லாப் பெண்களையும் போல அவளும் மாட்டி வைத்திருந்த ஐந்து ஊக்குகள்.

“ஊக்கு!” என்று கத்தினார். “அந்த மருமகப் பொண்ணு கயித்துலயும் ஊக்குதான் கீது! தாலி எழும்பல, ஊக்குதான் எழும்புச்சு!” கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துவிட்டது. நாற்பதாயிரம் பேருக்கும் பதில் கிடைத்துவிட்டதே.

நிமிர்ந்தார். பவளம் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். போனைக் குப்புற வைத்துவிட்டுத் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். ஒவ்வொரு ஊக்காகக் கழற்றினார். ஐந்தும் கழன்றபின் மறுபடி காந்தத்தைக் காட்டினார். தாலி சும்மா தொங்கியது.

“சரி, தாலி போவாது” என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. “தலையில கீறது?”

“இருபத்தெட்டு வருசமா மோட்டாரு, காந்தம்னு இதுங்ககூடத்தான் கெடக்கறேன். நான் எதனா மறந்தனா?”

“மறந்த. போன மாசம் கல்யாண நாளை மறந்த.”

“அது காந்தத்தால இல்லமே. என் கொழுப்பு.”

அவள் சிரிக்கவில்லை. “எனுக்கு வலியப் பத்தி பயம் இல்ல மாமா. உள்ள போயிட்டு வந்து உன்னப் பார்த்து யாருன்னு கேட்டுட்டா?”

பஞ்சாட்சரம் காந்தத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “வாத்தியாரு மறந்ததுக்கு எனுக்குக் காரணம் தெரியலமே. நீ கேட்டுட்ட, தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நானா கட்டி வுட்டேன்.”

“அப்ப ஊருக்கே பொய் சொன்னியா?”

“ஆமா.”

“எல்லாருக்கும் தெரியறா மாதிரி சொல்லு. அப்ப நம்பறேன்.”

அன்று சாயங்காலம் இளமதி லீவு போட்டு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தார்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலையை வாரிக்கொண்டு பேசினார்: காந்தத்தால் மறதி வரும் என்று நான் சொன்னது தப்பு, அது என் கற்பனை, ஸ்கேன் எடுக்க யாரும் அதை நம்பிப் பயப்பட வேண்டாம். கேலி உடனே வந்தது. ‘காந்தம் பவர் போச்சா?’ என்றார் ஒருவர். டீக்கடைப் பக்கம் அன்று அவர் போகவே இல்லை. பவளம் அந்த வீடியோவை மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். ஊக்கு சங்கதியை அதில் அவர் சொல்லவே இல்லை என்பதையும் கவனித்தாள்.

மறுநாள் செங்கல்பட்டில், ஒரு துண்டு மஞ்சளைப் புதுக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்ட பிறகுதான் தாலியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். கூட ஒருவர் இருக்கலாம் என்றாள் நர்ஸ். பஞ்சாட்சரம் பெல்ட், வாட்ச், சாவி, போன், பவளத்தின் ஐந்து ஊக்குகள், கடைசியில் சட்டைப் பையில் மறந்திருந்த டெஸ்டர் என்று எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். குழாய்க்கு வெளியே அவள் கால்கள் மட்டும்தான் இருந்தன. வெடிப்போடிய அந்தக் குதிகாலைப் பிடித்துக்கொண்டார்.

மிஷின் தடதடவென்று அடித்தது. நின்றது. வேறு தாளத்தில் அடித்தது. அவர் பிடியை விடவில்லை. நடுவில் ஒரு தரம் அவள் மற்றக் காலின் கட்டைவிரலால் அவர் கையைச் சுரண்டினாள். இருபத்தைந்து நிமிஷம்.

வெளியே வந்தவளின் முகத்தையே பார்த்தபடி செருப்பை எடுத்து நீட்டினார். அவளே ஆரம்பித்தாள்.

“உள்ள இருக்கசொல்ல எல்லாத்தையும் சொல்லிக்கினே இருந்தேன், மறந்துடக் கூடாதுன்னு. உன் பேரு, பொண்ணு பேரு, மூணு கழனி, பால்காரன் வர்ற நேரம், கல்யாண நாளு. அந்தச் சத்தத்துலயும் ஒண்ணுகூட வுடல.”

“கல்யாண நாளு என்னிக்கு?”

“இன்னா, தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறியா?”

அறிக்கை மறுநாள் வரும் என்றார்கள். உத்திரமேரூர் பஸ்ஸில் இளமதி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பவளம் தாலியைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாள். பஞ்சாட்சரம் ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

“ஊக்கு விசயத்தை இன்னும் போடலியா?”

“மனசு வரலமே. உன்னைப் பயமுறுத்திக் கண்டுபுடிச்சது.”

“போடு” என்றாள், ஐந்தாவது ஊக்கை மாட்டிக்கொண்டே. “கண்டுபுடிச்சது பவளம்னு போடு.”

பஞ்சாட்சரம் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். குலுங்கும் பஸ்ஸில், ஒற்றை விரலால், முதலில் அவள் பெயரை அடித்தார்.