பொங்கலன்று சாத்திய ஜன்னல்

ஆசிரியப் பயிற்சிக்குப் பெட்டி கட்டி வைத்திருந்த நான், அப்பா திடீரென்று இறந்துபோனதால் ஏரியூர்ப் பக்கம் ஒரு பட்டுப்புழுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கென்று யாருமில்லை. புழுக்கள் இலை தின்னும் சத்தம் தூறல் போலிருக்கும். அதுதான் பேச்சுத்துணை.

போன பொங்கலன்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புழுவுக்குப் பண்டிகை ஏது? இலை போட நான் மட்டும் இருந்தேன். குளிருக்காகப் புழு அறையில் கரியடுப்பு வைத்திருந்தோம். அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்குள்ளிருந்து "பொங்கலோ பொங்கல்" என்ற குரல் வந்தபோது தாங்க முடியவில்லை. ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். தலை கனத்தது. அழுததால்தான் என்று நினைத்தேன். பிறகு நினைவில்லை.

கண் விழித்தபோது வாசல் மண்ணில் கிடந்தேன். பண்ணைக்கு இலை பறிக்கும் மாதம்மாள் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், எனக்காக அவர் கொண்டுவந்த பொங்கல் தூக்குப்போசியில் இருந்தது.

"கரியடுப்ப வச்சிக்கிட்டுக் கதவச் சாத்துவாங்களா? தனியா இருக்கறதுக்கு நம்ம வூட்டுக்கு வர்றதுதானுங்க?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே தூக்குப்போசியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

இந்தப் பொங்கலுக்கும் எனக்குத்தான் வேலை. இலை போட்டதும் வந்துவிட வேண்டும் என்று மாதம்மாள் இப்போதே சொல்லிவிட்டார். போவேன். அதுவரை ஜன்னலைச் சாத்தமாட்டேன். அந்தக் குரல் உள்ளே வரட்டும். அழுகை வந்தால், திறந்த ஜன்னலோரம் நின்று அழுதுகொள்வேன்.