பதினான்காவது படி

சிட்னியில் நான் புரூஃப் வாசிக்கச் சேர்ந்த அச்சகத்தில் தகுதிகாண் காலம் ஆறு மாதம். அது எழுபதுகளின் நடுப்பகுதி. ஹோம்புஷ் ஃப்ளாட்டில் என் சம்பளத்தை நம்பி நான்கு பேர். ஒரு பிழை தப்பினாலும் வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பேன்.

நான்காம் மாதம் ஓர் அமெரிக்கரின் திகில் நாவல் வந்தது. அதை எழுதவென்றே அவர் சிட்னியில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். அத்தியாயம் அத்தியாயமாக அனுப்புவார்; வந்தது வந்தபடி அச்சேற்றுவோம். புரூஃப் முழுவதும் என் பொறுப்பு.

மூன்றாம் அத்தியாயத்தில் வீட்டு மாடிப்படிகள் பதின்மூன்று. ஒன்பதாம் அத்தியாயத்தில், சிறுமி இருட்டில் இறங்கும்போது பதினான்கு. நான்கு இடங்களில் பதின்மூன்று என்று திருத்தினேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுவாரம் மெஷின் ஓட்டும் சிவம், ஒன்பதாம் அத்தியாயத்தின் தாளோடு வந்தான்.

"அண்ணை, பேய்க்கதை எண்டாங்கள். பேயைக் காணேல்லை. புரூஃபிலை வெட்டிப் போட்டியளோ?"

சிரித்தேன்.

அன்று பிற்பகல் கடைசி அத்தியாயம் மேசைக்கு வந்தது. சிறுமி தாயிடம் கேட்கிறாள்: "அன்றைக்குப் படியோடு படியாகக் குனிந்திருந்தது யாரம்மா? நான் மிதித்துவிட்டேன்."

ஒன்பதாம் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் எடுத்துவிட்ட அந்த ஒரு படிதான் பேய்.

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். ஏழு நிமிடம் கதிரையில் இருந்தேன். பிறகு ஓடிப்போய் மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

"நினைச்ச நேரம் நிப்பாட்ட இதென்ன பஸ்ஸோ, மேட்?" என்று கத்தினார் ஃபோர்மன் ஹார்வி. நான் விஷயத்தைச் சொன்னதும் எழுத்தாளருக்குத் தொலைபேசி எடுத்தார். எழுத்தாளர் டாக்ஸியில் வந்து தாளை வாங்கி வாசித்தார்.

"எண்ணிப் பாத்தீரோ?"

"ஓம் சேர்."

"அப்ப என்னை ஏன் கேக்கேல்லை? அந்த ஒரு படியை ஒளிச்சு வைக்க எனக்கு நாலு மாசம் போச்சுது."

உலகத்தைப் பயமுறுத்துகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரோ பென்சிலை வாங்கி நான்கு இடங்களிலும் பதினான்கு என்று எழுதி, ஒன்றாவது விட்டுப்போனதோ என்று பயந்து மூன்று தடவை எண்ணினார்.

அந்தப் பக்கங்களை மறுபடி அச்சிட்டார்கள். என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீண்டது. வேலை தப்பியது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எண் முரண்பட்டால் திருத்தாதீர்கள். ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, எழுதியவரைக் கேளுங்கள். அதற்குப்பின் இருபத்திரண்டு வருடம் நான் அப்படித்தான் செய்தேன்.

ஆனால் அந்த நாவலுக்கு முந்திய மூன்று மாதத்தில் பதினொரு புத்தகங்கள் என் கையால் போயின. அவற்றில் முப்பத்தெட்டு இடங்களில் எண்களைத் திருத்தியிருக்கிறேன். எழுதியவர்கள் ஒருவரும் இதுவரை வந்து கேட்கவில்லை.