இடது பின்சக்கரம்

மாப்பிள்ளை இருந்தார். பட்டு வேட்டி, மாலையோடு காரின் பின்சீட்டில். மாப்பிள்ளையின் அப்பா இருந்தார். சாமளாபுரத்தில் தறி ஓட்டி, பிறகு அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்தவர். தாய்மாமன் இருந்தார். அவருக்குச் சாயப்பட்டறை. மாப்பிள்ளையின் அம்மா இருந்தார், பின்னால் வந்த வேனில், பெண்களோடு. போட்டோக்காரர் ஒருவர் இருந்தார். நான் இருந்தேன். காரை ஓட்டியது நான்.

கார் அறுபது வருடப் பழசு. அமெரிக்காவில் செய்தது. கல்யாண வாடகைக்கென்றே எங்கள் ஓனர் வாங்கி வைத்திருக்கிறார். ஹாரன் அடித்தால் எருமை கத்துகிற மாதிரி இருக்கும். அதற்காகவே முன்பணம் கொடுத்துப் பிடிக்கிறார்கள்.

அருள்புரம் தாண்டியதும் இடது பின்சக்கரம் பஞ்சர். மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு முகூர்த்தம் முடிகிறது. மண்டபம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

மாப்பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டால் முடிந்தது. ஆனால் அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. குலதெய்வத்தைக் கும்பிட்டு வண்டி ஏறிய மாப்பிள்ளை மண்டப வாசலில்தான் கால் ஊன்ற வேண்டும். நடுவில் மண்ணில் கால் பட்டால் திரும்பப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கோயிலுக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆகும். இந்த முகூர்த்தத்தை விட்டால் அடுத்தது அடுத்த மாதம்.

ஸ்டெப்னியை எடுத்து வைத்தேன். வீல் ஸ்பேனரை மாட்டினேன். நட்டை வலப்பக்கமாகத் திருப்பினேன்.

அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் இடது பக்கச் சக்கரத்து நட்டுகள் தலைகீழ் மரை. ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்களாம். மற்ற நட்டு எந்தப் பக்கம் இறுகுமோ அந்தப் பக்கம் இது கழலும். பழைய லாரி ஓட்டியவர்களுக்குத் தெரியும். நான் லாரி ஓட்டியவன்.

மாமன் குனிந்து பார்த்தார்.

"ஏனுங் டிரைவரே, கழட்டறீங்களா, இறுக்கறீங்களா?"

"இது தலைகீழ் மரைங்க. சைக்கிள்ல இடது பெடல் மாதிரி."

"கேட்டீங்களா மச்சான்? நமக்கே சைக்கிள் பாடம் எடுக்கறாரு!"

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "தம்பி, நான் கேரியர்ல பனியன் மூட்டை கட்டி மிதிச்சே இந்த ஊருக்கு வந்தவனுங்க. சைக்கிள எங்கிட்டச் சொல்லாதீங்க."

திருப்பூர்ப் பக்கம் சைக்கிளில் வராத முதலாளி கிடையாது. மைக் கிடைத்தால் முதல் வரி அதுதான். ஆபீஸ் சுவரில் சைக்கிள் படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். பெடல் எந்தப் பக்கம் கழலும் என்பது படத்தில் தெரியாது.

மாமன் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்பது மரியாதைக்கு. இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை.

"அவரு இறுக்கி வெச்சுட்டாரு. எப்படி வரும்?"

பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேனிடம் சொல்லி ஒரு நீளக் குழாய் வாங்கி வந்தார். ஸ்பேனர் பிடியில் சொருகினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயின் மேல் ஏறி நின்றார். எண்பத்தைந்து கிலோ இருப்பார்.

"அண்ணா, அப்படியே நில்லுங்க. ஒரு ஸ்டில்," என்றார் போட்டோக்காரர்.

மாமன் சிரித்தார். டக்கென்று ஒரு சத்தம். மாமன் கீழே. நட்டு அவருக்கு முன்னால் உருண்டு போனது.

"பாத்தீங்களா! கழண்டுச்சு!"

நட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே போல்ட் துண்டு.

"கழலலீங்க. போல்ட் ஒடஞ்சிருச்சு. அந்தப் பக்கம் திருப்பாதீங்க."

"நட்டு எங்க இருக்குது?"

"கீழ இருக்குதுங்க."

"சக்கரத்துல இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னங்க? அதுக்குப் பேருதான் கழட்டறது."

இரண்டாவது நட்டும் அதே மாதிரி கழன்றது.

காருக்குள்ளிருந்து மாப்பிள்ளை தலையை நீட்டினார். "மாமா, உள்ள வேகுதுங்க மாமா. எறங்கட்டுங்களா?"

"எறங்கீராத கண்ணு! காலக் கீழ வெச்சீன்னா தாலி அடுத்த மாசந்தான். இன்னும் மூணே நட்டு."

மாப்பிள்ளையின் போன் அடித்தது. பெண் வீட்டார். "வந்துட்டோங்க, வந்துட்டே இருக்கறோங்க," என்றார், அசையாத காரில் உட்கார்ந்துகொண்டு.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனியிலிருந்து துணி ரோல் ஒன்றைக் கொண்டுவந்து ரோட்டில் விரித்தால் மாப்பிள்ளை மண் படாமல் வேனுக்கு நடந்துவிடலாம். கம்பெனி கூப்பிடு தூரம். மாமன் ஒத்துக்கொண்டார். வேனும் பத்து அடியில்தான் நின்றது. போனை எடுத்த அப்பா பிறகு யோசித்து உள்ளே வைத்துவிட்டார்.

"இருக்கறதெல்லாம் எக்ஸ்போர்ட் துணி மச்சான். மிதிச்சுட்டா வாங்கற வெளிநாட்டுக்காரன் எடுக்க மாட்டான்."

மகன் முகூர்த்தத்தை விடலாம். துணியை விட முடியாது. சரி, அவர் தொழில் அது.

மணி ஒன்பது முப்பத்தைந்து.

"ஒண்ணு நானும் பாக்கறேன்," என்று அப்பா குழாயைப் பிடித்தார். மாமன் செய்தால் தானும் செய்தாக வேண்டும் என்று இருந்திருக்கும்.

"ஐயா, தலைகீழ் மரைங்க," என்றேன்.

அது மூன்றாவது முறை. நான்காவது முறை சொல்லவில்லை. கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் மூன்று முறைக்கு மேல் சொன்னால் அதற்குத் திமிர் என்று பெயர். இன்னொன்றும் உண்டு. அது உடைவதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை பாவம் என்பது பிறகுதான் தோன்றியது.

உடைந்தது. மூன்று நட்டையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான்காவதற்கு மாமன் குழாயைச் சொருகும்போது வேனிலிருந்து அம்மா இறங்கி வந்தார். பட்டுச் சேலையை இழுத்துச் சொருகியிருந்தார்.

"என்னங்க பண்றீங்க இத்தன நேரம்?"

"மூணு கழண்டுருச்சுக்கா. இன்னும் ரெண்டுதான்."

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "என்னாச்சுங்க டிரைவரே?"

பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து நீட்டினேன். "இது சைக்கிள் இடது பெடல் மாதிரிங்க."

அவர் நட்டுக்குள் பார்த்தார். பிறகு இருவரையும் பார்த்தார்.

"நானும் சைக்கிள்லதான் கம்பெனிக்குப் போனேன். எட்டரைக்கு மேல போனா கேட்டச் சாத்தீருவாங்க. வழியில எடது பெடல் கழண்டுச்சுன்னா ஆரு மாட்டறது? நாந்தான் மாட்டோணும். அது மறுபக்கந்தான் திரும்பும். நீங்க ரெண்டு பேரும் என்னத்தைங்க மிதிச்சீங்க?"

தம்பி பக்கம் திரும்பினார்.

"அத அவருகிட்டக் குடுடா."

மாமன் ஸ்பேனரைக் கொடுத்தார். குழாயைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வலப்பக்கம் திருப்பினேன். முதலில் முனகியது, பிறகு வந்தது. அடுத்ததும் வந்தது.

"நாங்க ஆட்டி வெச்சதுனால வருது," என்றார் அப்பா.

ஜாக்கி போட்டேன். மாப்பிள்ளை இறங்க முடியாதே. சப்பரத்துச் சாமி மாதிரி அவரும் காரோடு மேலே போனார். ஸ்டெப்னியை மாட்டினேன். ஐந்து நட்டுக்கு இடம் உண்டு. போல்ட் இருந்தது இரண்டுக்கு.

"ரெண்டுல போகுமுங்களா?" என்று அம்மா கேட்டார்.

"நடக்கற வேகத்துல போகுமுங்க. மாப்பிள்ளையத் தவிர ஆரும் ஏறக் கூடாது."

"கேட்டுச்சுங்களா?" என்று அவர் மற்ற இருவரிடம் சொன்னார். "கூட நடந்து வந்து சக்கரத்தைப் பாத்துக்குங்க. மூட்டை கட்டி மிதிச்ச காலுதான?"

மணி ஒன்பது நாற்பத்து மூன்று. கிளம்பினோம். நான் முதல் கியரில் நகர்ந்தேன். அப்பா நடந்தார். மாமன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்தவாக்கில் பக்கத்திலேயே வந்தார். ரோட்டோரத்தில் நின்றவர்கள் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

"இருக்குதுங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"இருக்குது, இருக்குது. ஓட்டுங்க."

மண்டப வாசலில் மாப்பிள்ளை காலை ஊன்றும்போது ஒன்பது ஐம்பத்தாறு. மாலையைச் சரிசெய்யக்கூட விடவில்லை. இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. இரண்டு நட்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்தேன்.

அம்மா ஆள் அனுப்பிப் பந்தியில் உட்கார வைத்தார். எனக்கு எதிர் வரிசையில் மாமன். குளித்துச் சட்டை மாற்றியிருந்தார். பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டிரைவருக்கு ஒண்ணும் வெவரம் பத்தலீங்க. கழட்டவே தெரியல. அஞ்சு நட்டுல நானும் மச்சானுமா எத்தன கழட்டுனோம்னு நெனைக்கறீங்க?"

நான் எழுந்துபோய், போல்ட் துண்டோடு பையில் இருந்த நட்டுகளை அவர் இலை ஓரத்தில் வைத்தேன்.

மூன்று.